எதிரெதிர் பெஞ்சு

ஜூலை. மலோட்டி மலையெல்லாம் பனி.
இரவில் குழாயைச் சொட்டவிட்டுத்தான் படுக்க வேண்டும்
என்பது எங்கள் மடத்தின் எழுதாத சட்டம்.
யாரோ மறந்துவிட்டார்கள். விடியலில் குழாய் வெடித்தது.
நாலே பேர் இருக்கும் வீட்டில்
யாரோ என்பது மிகச் சிறிய சொல்.

கடைசியாகப் பாத்திரம் கழுவியது அடெலினா என்றாள் லிநேயோ.
கடைசியாக விளக்கணைத்தது லிநேயோ என்றாள் அடெலினா.
அதன்பின் இருவரும் பேசவில்லை.
ஒன்பது நாள்,
நவநாள் பக்தியோடு.

அந்த வாரம் சமையல் முறை எனக்கு.
வாளி நிறையப் பனியை அள்ளி அடுப்பில் வைத்தால்
அடியில் கொஞ்சம் தண்ணீர், ஒரு வைக்கோல், ஆட்டு மயிர்.
களி கிண்டத் தேறும். முகம் கழுவத் தேறாது.
அடெலினாவின் முழங்கையருகே இருக்கும் உப்பை
லிநேயோ என்னிடம் கேட்பாள்.
நான் எழுந்து மேசையைச் சுற்றிப் போய் எடுத்துத் தருவேன்.
நவகன்னியர் இல்லத்தில் மூன்று வாக்குறுதிகளைப் பற்றிச் சொன்னார்கள்,
உப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஆனால் சிற்றாலயத்தில் தப்ப வழியில்லை.
எதிரெதிர் பெஞ்சு. திருப்பாடலில்
இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி.
லிநேயோ விட்ட இடத்தில்
அடெலினா எடுத்தே ஆக வேண்டும்.
பகைவர்கள் என்று வரும் இடங்களில்
இரண்டு குரலும் சற்றுத் தெளிவாகும்.
நான் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன்.

ஒன்பதாம் நாள் இரவு நாய் குரைத்தது.
போர்வை சுற்றிய ஒரு மனிதன்,
மூச்சு வாங்கும் குதிரை.
கணவாய்க்கு அப்பால் மனைவிக்கு நேற்றிலிருந்து வலி.
பேறு பார்க்கத் தெரிந்தவள் லிநேயோ.
வண்டி ஓட்டத் தெரிந்தவள் அடெலினா.
டீசல் உறைந்திருந்தது.
காலைக் களிக்கென்று உருக்கி வைத்ததையெல்லாம்
கொதிக்க வைத்து வண்டியின் வயிற்றில் ஊற்றினேன்.
முன்விளக்குகள் வளைவில் மறைந்தன.
உள்ளே பேசினார்களா, தெரியாது.
இன்றுவரை கேட்கவில்லை.

காலைச் செபத்தில் பக்கத்துக்கு ஒரு குரல்.
ந்ட்சோவாகி மருந்தகத்தில் மாத்திரை எண்ணும் குரலிலேயே
திருப்பாடலும் சொல்பவள்:
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, ஆமென்.
வாசலில் அதற்குள் வரிசை.
பாதம் வெடித்த இடைச்சிறுவர்கள்,
மாத்திரை தீர்ந்தவர்கள்,
தீராவிட்டாலும்
வெயில் விழும் எங்கள் சுவரில் சாய வந்தவர்கள்.

நண்பகலில் திரும்பினார்கள்.
தாய் பிழைத்தாள் என்றாள் லிநேயோ.
அவ்வளவுதான் சொன்னாள்.
அவள் ஏப்ரனை அடெலினா அவிழ்த்து வாங்கி
பாதி வாளித் தண்ணீரில் அலசினாள், மறுபடி அலசினாள்.
அது குடிக்க வைத்தது என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் அந்த மனிதன் வந்தான், ஒரு பெட்டி கேட்டு.
பீடத்துக்கு மெழுகுவர்த்தி வந்த மரப்பெட்டி இருந்தது.
அளவு சரியாக இருந்தது.
அளவு சரியாக இருந்ததைத்தான்
தாங்க முடியவில்லை.

ந்ட்சோவாகி அவனோடு மலையேறிப் போயிருந்ததால்
மாலைச் செபத்தில் அந்தப் பெஞ்சில் லிநேயோ மட்டும்.
ஓர் அடியின் நடுவில் அவள் குரல் நின்றது.
சுவர்க் கடிகாரம் கொஞ்ச நேரம் தனியாகச் செபித்தது.
பிறகு எதிர் பெஞ்சிலிருந்து அடெலினா
அந்த அடியை முடித்தாள்,
தன் அடியையும் சொன்னாள்,
அடுத்ததையும்.
முறைப்படி தவறு.

அடுத்த நாளும் உப்பை என்னிடம்தான் கேட்டாள் லிநேயோ.

வெள்ளிக்கிழமை குழாய்க்காரர் வந்து தோண்டிப் பார்த்தார்.
யார் மீதும் குற்றமில்லை, சிஸ்டர்,
சொட்டவிட்டிருந்தாலும் ஒருநாள் போயிருக்கும்,
இதைப் புதைத்தவர் ஒரு முழம்கூடத் தோண்டவில்லை.
புதைத்தவர் கூடத்துச் சுவரில் படமாக இருக்கிறார்,
கியூபெக்கிலிருந்து வந்த சிஸ்டர் ஓடிலியா,
மண்வெட்டியோடு, சிரித்தபடி.
நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.
இறந்தவர்களுக்காக வேண்டுவோம் என்றாள் அடெலினா.
லிநேயோதான் முதலில் சிரித்தாள்.
பிறகு அது சிரிப்பாக இல்லை.

அன்றிரவு குழாயைத் திறந்துவிட எழுந்து போனேன்.
இருட்டில் ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தது.
யாரோ.